"தன்முயற்சி இல்லை"யாம்

சனிக்கிழமை மலையகத்தில், ஹட்டனில் மேடையேறிப் பட்டதாரிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியவர் யாரென்று நான் சொல்லப் போவதில்லை. வீடியோவை எல்லாரும் பார்த்தாகிவிட்டது. "நம்ம புள்ளைங்க கெம்பஸ்ல நாலு வருசம் சும்மா இருந்துட்டு, டிகிரிய தூக்கிக்கிட்டு வேலை குடு வேலை குடுன்னு நிக்கிறாங்க. தன்முயற்சி இல்லை." அதற்குக் கைதட்டல் வேறு.

படிக்கும்போதே வேலைக்குத் தயாராக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் எதைத் தயார் செய்வது, எந்த வருடத்தில், எந்தக் கந்தோருக்குப் போய்? ஒன்றரை மணி நேரத்தில் அதைப் பற்றி ஒரு வரி உண்டா? விபரம் இல்லாத புத்திமதிக்கு எங்கள் பக்கத்தில் ஏச்சு என்று பெயர்.

விபரம் நான் சொல்கிறேன். முதலில் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, ஓ.எல். (சாதாரண தர) பெறுபேற்றில் மூன்றாவது. தேயிலைத் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி என்று கிராம சேவகரைக் கேட்டுப் பாருங்கள். வேலை கிடைத்த பிறகு திருத்த ஓடினால் மாதக்கணக்கில் இழுக்கும். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்கு முதலாம் வருட லீவிலேயே போக வேண்டும். சத்தியக் கடதாசியை நம்பி இருக்காதீர்கள், எல்லா இடத்திலும் அது எடுபடாது.

அடுத்தது சிங்களம். டவுனில் நம் பிள்ளைகள் பொழிந்து தள்ளுவார்கள். ஒரு சுற்றறிக்கையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் முழிப்பார்கள். அரச சேவைக்குள் போனால் இரண்டாம் மொழித் தேர்ச்சி காட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சம்பள ஏற்றத்தில் கை வைப்பார்கள். பேச்சு ஏற்கெனவே வாயில் இருக்கிறது, எழுத்துதான் பாக்கி. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டாம் வருடத்துக்குள் வாசிக்கலாம். கம்பனி வேலைக்கு இங்கிலீஷ். தமிழ் மொழிமூலம் கலைப்பீடத்தில் இருப்பவர் அதைக் கடைசி வருடத்தில் தொடங்கினால் நேர்முகத்தில் முதல் கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பிறகு விண்ணப்பம். அரச வேலை அறிவித்தல்கள் வரும் வர்த்தமானி, அதாவது கெசட், வெள்ளிக்கிழமை வரும். மாதிரிப் படிவத்தை ஏ4 தாளில், எந்த இலக்கம் வரை முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று போட்டிருக்கிறார்களோ அப்படியே தயாரிக்க வேண்டும். ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு இறங்கினால் அதைச் சொல்லியே தள்ளிவிடலாம். கட்டணப் பற்றுச்சீட்டை ஒட்டுமுன் போட்டோ கொப்பி எடுங்கள். கையொப்பத்தை அதிபரோ சமாதான நீதவானோ அத்தாட்சிப்படுத்த வேண்டும். கவரின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயர், பிறகு பதிவுத் தபால். தெரிவு செய்த பரீட்சை மொழியைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள். இப்போது பல பரீட்சைகளுக்கு ஒன்லைன்தான். அதையும் பிரிண்ட் எடுத்து வைக்காவிட்டால் பிறகு தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தபால் என்றதும் பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி ஞாபகத்துக்கு வருகிறாள். நேர்முகக் கடிதம் ஒன்பது நாள் தோட்டக் கந்தோர் மேசையில் கிடந்திருக்கிறது. கையில் கிடைத்தபோது நேர்முகம் முடிந்து இரண்டு நாள். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) முகவரிக்குக் கடிதம் நேரே வராது என்பது இந்த நாட்டில் யாருக்குத் தெரியாது? தபால் தாமதத்துக்குப் பொறுப்பில்லை என்று கெசட்டிலேயே போட்டிருக்கும். அதனால்தான் டவுனில் கடை வைத்திருக்கும் மாமாவின் முகவரியைக் கொடு என்று சொல்கிறோம். அவளிடம் போய்ச் சொல்லுங்கள், தன்முயற்சி இல்லையென்று.

"எல்லாம் நெட்ல இருக்கே" என்பீர்கள். மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் வரும் லயத்தில் ஒரு நாள் இருந்துவிட்டு வாருங்கள், பேசலாம். "சும்மா திரியிற பொடியன்களும் இருக்கானுங்களே?" இருக்கிறார்கள். எந்த ஊரில் இல்லை? "அப்ப நீங்களே வகுப்பு நடத்துங்களேன்." ஒரு பேச்சு சரியில்லை என்று சொல்ல நான் மண்டபமும் கட்டித் தர வேண்டுமா?

கொழும்பில் சம்பளமில்லாமல் ஆறு மாதம் பயிற்சி எடு, அனுபவம் வரும் என்றும் அதே மேடையில் சொன்னார். கெம்பஸ் பிள்ளைகளுக்கு மாதா மாதம் கிடைக்கும் மஹாபொல உதவிப்பணத்தை 2025 பட்ஜெட்டில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கினார்கள். கூட்டினாலும் அதில் போர்டிங் கட்டுவதா, சாப்பிடுவதா, பஸ்ஸுக்குக் கொடுப்பதா? மலையில் கொழுந்து பறிக்கிற அம்மாவிடம் இன்னும் ஆறு மாதம் பொறு என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பிள்ளை கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டும். அந்த அம்மாமார் சிலர் சனிக்கிழமை பின்வரிசையில்தான் இருந்தார்கள். கைதட்டல் அங்கிருந்து வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, ஐயா, அந்த வார கெசட்டில் ஒரு பிரிண்ட் எடுத்து வாருங்கள். ஒரு கவரும் பசையும் கொண்டுவந்தால் நல்லது. மேடையிலேயே ஒரு விண்ணப்பம் போட்டுக் காட்டுங்கள். நானும் கைதட்டுகிறேன்.