ஸ்பெக்கில் குழப்பம் இல்லை என்றால் போதுமா?

"முறைசார் மொழியில் ஸ்பெக் எழுதிவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லை, சிந்தசிஸ் கருவி தருவது நாம் கேட்ட நிரலாகத்தான் இருக்கும்" என்று ஒரு வாதம் உண்டு. (ஸ்பெக் என்பது நிரல் என்ன செய்ய வேண்டும் என்ற விவரிப்பு, முறைசார் மொழி என்பது கணிதம்போல் ஒரே பொருள் மட்டும் தரும் மொழி, சிந்தசிஸ் கருவி என்பது ஸ்பெக்கைப் பார்த்து நிரலைத் தானே எழுதும் மென்பொருள்.) முதல் பாதியை வேண்டுமானால் ஒத்துக்கொள்ளலாம். இரண்டாவது பாதி தவறு.

சார்ட்டிங்கையே, அதாவது எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குவதையே, எடுத்துக்கொள்ளுங்கள். 'வெளியீட்டில் எந்த எண்ணும் தனக்கு அடுத்ததைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது' என்று மட்டும் எழுதினால் அதற்கு இரண்டு பொருள் கிடையாது, ஆனால் எதைக் கொடுத்தாலும் காலிப் பட்டியலைத் திருப்பித் தரும் நிரலும் அதற்குப் பொருந்தும், சின்ன நிரலாகத் தேடும் கருவி அதைத்தான் சந்தோஷமாக எடுத்து நீட்டும். சரி, உள்ளே போன அதே எண்கள்தான் வெளியே வர வேண்டும் என்றும் சேர்த்தாயிற்று. அப்புறம் ஊழியர் பதிவுகளை வயதுவாரியாக அடுக்கும்போது, ஒரே வயதுள்ள இருவரில் யார் முதலில்? ஜாவா மொழியில் அடுக்கித் தரும் கலெக்‌ஷன்ஸ் சார்ட் சமமானவற்றின் பழைய வரிசை மாறாது என்று உறுதி தருகிறது, சி மொழியின் க்யூசார்ட் தருவதில்லை. ஒன்று இருந்த இடத்தில் மற்றதைச் செருகினால் டெஸ்ட் எல்லாம் பாஸாகிவிடும், ரிப்போர்ட் மட்டும் எப்போதாவது மாறி வரும் (இதைத் தேடிக் கண்டுபிடிப்பது தலைவலி).

ஓரிடத்துக்கு எழுதிய நிரலை வேறிடத்தில் மறுபயன்பாடு செய்யும்போது இது இன்னும் மோசம். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஏறத்தாழ 40 நொடியில் சிதறியது. ஏரியான் 4-இலிருந்து எடுத்த மென்பொருள் ஒரு 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் அடக்கப் பார்த்தது. பழைய ராக்கெட்டில் அது அடங்கியது, புதியதில் அடங்கவில்லை. புதிய ராக்கெட்டின் பாதைத் தரவு அந்த மென்பொருள் ஓடிய, ராக்கெட்டின் நிலையை அளக்கும் கருவியின் ஸ்பெக்கில் சேர்க்கப்படவே இல்லை.