மெட்ரோ வந்தாலும் அந்தப் பேருந்தை நிறுத்தாதீர்கள்

புதிதாக ஒரு மெட்ரோ பாதை திறந்ததும் பல நகரங்களில் அடுத்து எடுக்கப்படும் முடிவு, அதே சாலையில் ஓடும் பேருந்துகளைக் குறைப்பது. ஒரே வழிக்கு இரண்டு எதற்கு, வீண் செலவுதானே என்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரிதான். ரயில் நின்றுபோகும் நாளையும் சேர்த்துப் பார்த்தால் அது பெரிய தவறு என்பதே என் கருத்து.

ஒரு பாதையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில், ரயிலுக்கு ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திசையில் மட்டும் மணிக்கு 20,000 பேர் போகிறார்கள். பேருந்துக்கு 70 பேர் என்றால் மணிக்கு 285 பேருந்துக்கு மேல் வேண்டும். அதாவது 13 நொடிக்கு ஒன்று கிளம்ப வேண்டும்! இத்தனை வண்டிகளையும் ஓட்டுநர்களையும் எந்தப் பணிமனையும் சும்மா நிறுத்தி வைத்திருக்காது. 'மாற்றுப் பேருந்து ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது' என்று அறிவித்த பிறகும் நிலைய வாசலில் கூட்டம் கலையாமல் நிற்பது இதனால்தான். இவ்வளவு பேரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேருந்து, புறநகர் ரயில், டிராம் என்று பல பக்கமாகப் பிரிந்து போனால்தான் உண்டு. எப்போதோ நிறுத்திய பேருந்தை அரை மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவர முடியாது. அதன் வண்டி வேறு தடத்துக்குப் போயிருக்கும், ஓட்டுநர் பணியிடம் காலியாகவே விடப்பட்டிருக்கும்.

காரில் ஸ்டெப்னி இருப்பதை யாரும் வீண் என்று சொல்வதில்லை.

பாதைகளின் அமைப்பும் முக்கியம். எல்லாப் பாதைகளும் நகரின் நடுவில் ஒரே நிலையத்தில் சந்தித்தால், அந்த ஒன்றில் புகை வந்தாலே போதும், ஊர் முழுக்கத் திண்டாடும். மாஸ்கோவில் 1950களிலேயே வட்டப் பாதை வந்துவிட்டது. அதற்கு வெளியே சுமார் 70 கிலோமீட்டர் நீளத்தில் இன்னொரு பெரிய வட்டத்தை 2023இல் முடித்தார்கள். ஒரு இடம் அடைத்துக்கொண்டாலும் நடுப்பகுதிக்குள் போகாமலே சுற்றிப் போகலாம். இன்னொன்று பயணிகள் கண்ணுக்கே தெரியாதது: ரயில் ஒரு தண்டவாளத்திலிருந்து பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாறும் 'கிராஸ்ஓவர்'. அவை அடிக்கடி இருந்தால் பழுதான இரண்டு மூன்று நிலையங்களை மட்டும் விட்டுவிட்டு, இரு பக்கமும் ரயிலைத் திருப்பி ஓட்டலாம். செலவைக் குறைக்கிறோம் என்று அவற்றை வெட்டினால் ஒரு பழுதுக்குப் பாதி பாதை முடங்கும்.

வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் வருமுன்பே நியூயார்க்கில் ரயில்களை நிறுத்தி, தாழ்வான இடங்களில் இருந்தவற்றை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். சுரங்கங்களில் கடல்நீர் புகுந்தது, ஆனாலும் சில நாட்களில் ஓரளவு ஓடத் தொடங்கிவிட்டது. ஆற்றுக்கு அடியில் போகும் பாதைகள் மூடியிருந்தபோது, நகரின் ஒரு பகுதியான புரூக்ளினிலிருந்து பாலங்கள் வழியாக நூற்றுக்கணக்கான பேருந்துகள் ஆட்களை ஏற்றிப் போயின. பெரிய பேருந்துப் படை கைவசம் இருந்ததால்தான் அது முடிந்தது.

2021 ஜூலை 20 அன்று சீனாவின் செங்சோவில் ஒரே மணி நேரத்தில் 200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஐந்தாம் பாதையில் ஓடிக்கொண்டிருந்த ரயில் சுரங்கத்துக்குள் சிக்கி, பெட்டிக்குள் தண்ணீர் ஏறி, 14 பேர் இறந்தார்கள். இதைப் படித்தபோது பெட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களை நினைத்து மனம் பதறியது. இப்படிப்பட்ட நாளில் ரயிலை நிறுத்து என்று சொல்ல வேண்டியவர் மேலிட அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது. நிறுத்தினால் மக்கள் எப்படி வீடு போவார்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தால் கை தயங்காது. அந்தப் பதில்தான் மற்ற வண்டிகள்.

அப்புறம் டிக்கெட். டோக்கியோவில் ஒரு நிறுவனத்தின் ரயில் நின்றுபோனால், அந்தத் தடத்துக்கு சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் வேறு நிறுவனத்தின் பாதையில் கூடுதல் கட்டணம் இல்லாமல் போகும் ஏற்பாடு வெகுகாலமாக இருக்கிறது. இதற்குச் சுரங்கம் தோண்ட வேண்டாம், நிறுவனங்கள் முன்கூட்டியே பேசி ஒப்பந்தம் போட்டால் போதும். பல ஊர்களில் ஒரே அரசின் பேருந்தும் ரயிலும்கூட ஒன்றின் டிக்கெட்டை மற்றொன்று ஏற்பதில்லை. அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு ரயில் நின்ற நாளில் இரண்டாவது டிக்கெட் சின்னச் செலவு இல்லை. வசதி உள்ளவர் டாக்சி பிடித்துவிடுவார்.

மாற்று வழி இருந்தாலும் அது மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது பலர் வேறு வழியில் போனார்கள். பயண அட்டைத் தரவை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், சுமார் 5 சதவீதம் பேர் வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் பழைய வழிக்குத் திரும்பவில்லை என்று கண்டார்கள். அத்தனை நாள் தங்களுக்கு இன்னும் நல்ல வழி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை! ஆகவே இந்த நிலையம் மூடினால் எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிலையத்திலும் இன்றே எழுதி ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு அங்கே ஒரு பேருந்து எண்கூட மிஞ்சவில்லை என்றால், குறைத்த பேருந்துகளில் எவற்றைத் திரும்ப விட வேண்டும் என்ற பட்டியலை அங்கிருந்து தொடங்குங்கள்.