சூடு பட்ட பிள்ளைக்குப் பற்பசை பூசாதீர்கள்

"பிள்ளையின்ர மேல்ல தேத்தண்ணி கொட்டுப்பட்டால் உடனே பற்பசை அல்லது முட்டை வெள்ளைக்கரு பூசுங்கோ, கொப்புளமே வராது" என்றொரு செய்தி யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது பிழை.

சுடுநீர் வழிந்துபோன பிறகும் வெப்பம் தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பற்பசை அதை உள்ளே அடைக்கும். காயத்தின் ஆழத்தைப் பார்க்க வைத்தியர் அந்தக் காய்ந்த பசையை எடுத்தாக வேண்டும். அந்த நோவும் பிள்ளைக்குத்தான். பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம். ஐஸ் காயத்தை இன்னும் ஆழமாக்கும்.

நனைந்த உடுப்பு, பம்பஸ், காப்பு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள்; தோலோடு ஒட்டியதை இழுக்காதீர்கள். காயத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். குழாய் இல்லையா, சுத்தமான கிணற்றுத் தண்ணீரை மெல்ல வார்த்துக்கொண்டே இருங்கள். மணிக்கூட்டைப் பார்த்துச் செய்யுங்கள், பிள்ளை வீரிட்டு அழும்போது பலரும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். குளிர் பிடிக்காமல் மற்ற உடம்பைத் துவாயால் போர்த்துங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

முகம், கை, கால், மூட்டு, பிறப்புறுப்பில் பட்டாலோ, கொப்புளம் எழும்பினாலோ, காயம் பிள்ளையின் உள்ளங்கையை விடப் பெரிதென்றாலோ 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை அழையுங்கள்; அல்லது யாழ். போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் தீக்காயப் பக்கத்தில் பசை, எண்ணெய், மஞ்சள், ஐஸ் வேண்டாமென்றே எழுதியிருக்கிறது, பார்த்து உறுதிசெய்யலாம். பற்பசை பூசச் சொல்லும் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தால் தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.