மே 24 வந்திட்டுது எண்டு வெண்டியை நடாதேங்கோ

கனடாவில் ஏப்ரல் பிறந்தால் போதும், ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது: "நாங்கள் ஸோன் 6, இப்ப கத்தரி நடலாமோ?"

ஸோன் இலக்கத்துக்கும் கத்தரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த இலக்கத்தைத் தருகிற அமெரிக்க வேளாண்மைத் துறையின் வரைபடம் (கடைசியாக 2023இல் புதுப்பித்தார்கள்) சொல்வது ஒன்றே ஒன்று: வருடத்தின் மிகக் குளிரான இரவு சராசரியாக எவ்வளவு கீழே போகும் என்பது. அப்பிள் மரம் பனிக்காலத்தைத் தாண்டுமா என்று பார்க்க அது உதவும். மேயில் நட்டு ஒக்டோபரில் பிடுங்கி எறியும் செடிக்கு ஜனவரிக் குளிர் எதற்கு? இங்கிலாந்தின் லண்டன் 9, ரொறன்ரோ 6. இலக்கத்தை நம்பினால் லண்டனில் வெண்டி காய்த்துக் கொட்ட வேண்டும். உண்மை நேர்மாறு. யூலையில் லண்டன் இரவு 14 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும், ரொறன்ரோ நகருக்குள் 18. லண்டனில் கண்ணாடிக் கூடாரம் கேட்கிற வெண்டி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வெறும் நிலத்தில் நிமிர்ந்து நிற்கும்.

பார்க்க வேண்டியது இரண்டே இலக்கங்கள்: மண்ணின் சூடு, இரவின் சூடு. இறைச்சிக்குக் குத்துகிற வெப்பமானி ஒன்று போதும். காலை எட்டு மணிக்கு, 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில், தொடர்ந்து நாலு நாள் குத்திப் பாருங்கோ. பின்னேரம் அளந்தால் ஏமாறுவீர்கள். மாலையில் 20 காட்டிய அதே பாத்தி விடிய 11இல் கிடக்கும்.

பட்டாணி, முள்ளங்கி, ஸ்பினாச் மூன்றும் 5 பாகையிலேயே முளைக்கத் தொடங்கும், ஏப்ரலிலேயே போடலாம். உருளைக்கிழங்குக்கு 8 முதல் 10. போஞ்சிக்கு 15. பயற்றைக்கும் வெண்டிக்கும் 20 வரும்வரை பொறுங்கோ. தக்காளி நாற்றுக்கு இரவு 10க்குக் கீழே போகக்கூடாது, கத்தரிக்கும் மிளகாய்க்கும் 13.

போஞ்சி விதை ஏன் குளிரில் சாகிறது என்று தெரிந்தால் அவசரப்பட மாட்டீர்கள். காய்ந்த விதை மண்ணுக்குள் போன முதல் சில மணி நேரத்தில் நீரை மடமடவென்று உறிஞ்சும். அந்த நீர் குளிர்ந்திருந்தால், விரிந்துகொண்டிருக்கும் கலங்களின் சவ்வு கிழிந்து, உள்ளே இருக்கிற சீனியும் புரதமும் வெளியே கசியும். பூஞ்சைக்கு அது விருந்து. பத்து நாள் கழித்துக் கிண்டிப் பார்த்தால் கொழகொழவென்று நாறிய ஒரு தோல்தான் மிஞ்சும். விதை விற்ற கடையைத் திட்டிப் பயனில்லை.

இனி மே 24. அதை ஒட்டி வருகிற விக்ரோறியா நாள் விடுமுறையின் நீள்வார இறுதிக்குக் கடைகளில் நாற்று மலைபோலக் குவியும். அது வியாபார நாட்காட்டி. "கடைசி உறைபனித் திகதி" என்று போடுகிற சராசரியின் பொருள், அந்தத் திகதிக்குப் பிறகும் உறைபனி வர ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதுதான். வானிலை அறிக்கை 3 பாகை என்று சொன்ன விடியலிலும் புல் வெளுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். வானிலை நிலையத்து வெப்பமானி நிற்பது நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில். முகிலில்லாத, காற்றசையாத இரவில் நிலத்துச் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும். இலை காற்றைவிடப் பல பாகை குளிர்ந்துவிடும். ஆகவே 4 பாகை, தெளிந்த வானம், காற்றில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் மூடுங்கோ. பழைய போர்வையோ, சதுர மீற்றருக்கு 30 கிராம் எடையுள்ள வெள்ளைத் துணியோ, விளிம்பு நிலம்வரை தொட வேண்டும். சூடு மண்ணிலிருந்துதான் வருகிறது. செடியின் கழுத்தில் குடைபோலக் கட்டிவிட்டால் ஒன்றுமே நடக்காது. பொலித்தீன் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். பகலிலேயே மண்ணுக்குத் தண்ணீர் விட்டு வையுங்கோ, ஈர மண் கூடுதல் சூட்டைப் பிடித்து வைக்கும்.

குளிரில் நட்ட தக்காளியின் இலை அடியில் ஊதா ஏறினால் உடனே உரம் கொட்டுகிறார்கள். மண்ணில் பொஸ்பரஸ் இருக்கும்; குளிர்ந்த வேர் அதை எடுக்காது, அவ்வளவுதான். மண் சூடானால் ஊதா தானே போகும். அதைவிட, யூன் 5இல் நட்ட நாற்று மே 15இல் நட்டு விறைத்துப்போனதை முந்திவிடுவது சாதாரணம்.

வீட்டுக்குள் வளர்த்த நாற்றை நேரே வெயிலில் வைத்தால் இலை காகிதம்போல வெளுக்கும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, ஏழு முதல் பத்து நாள். பெப்ரவரியில் தக்காளி விதை போட வேண்டாம். நடுவதற்கு ஆறு கிழமை முந்திப் போட்டால் போதும். கத்தரி, மிளகாய்க்கு எட்டு முதல் பத்து. புடோல், பாகலுக்கு மூன்று நாலு கிழமை. வேர் அசைந்தால் கோபிக்கிற சாதி, மட்கும் சட்டியில் போட்டுச் சட்டியோடு புதையுங்கோ.

ஊருக்கு ஊர் கணக்கு மாறும். ஒன்ராறியோ ஏரியை ஒட்டிய தெருவில் உறைபனி முந்தி ஓயும், ஆனால் குளிர்ந்த ஏரி பகலையும் சூடேற விடாது. ஏரியிலிருந்து தள்ளி இருக்கிற பிரம்ரனில் பகல் சூடு, இரவு திடீரென்று விழும். கல்கரி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே. யூலையிலும் இரவு 10 பாகை அளவு, போதாக்குறைக்கு ஆலங்கட்டி. 13க்குக் கீழே தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் கொட்டும், அதனால் அங்கே 55, 60 நாளில் காய்க்கும் குறுங்கால ரகம்தான் சரி. நியூபவுண்ட்லாந்தின் சென்ட் ஜோன்ஸில் யூன் முழுக்கப் புகாரும் தூறலும். கோவா, உருளைக்கிழங்கு, டர்னிப் என்று அந்த ஊர்க்காரர் போடுவதையே போடுங்கோ, வெண்டி ஆசையை விடுங்கோ.

கடைசியாக அவரை. ஊர் அவரைக் கொடி வேலி முழுக்க ஏறி, ஒரு பூவும் இல்லாமல் நிற்பதற்கு உரமும் காரணமில்லை, கண்ணூறும் காரணமில்லை. அது குறுகிய பகலுக்குப் பூக்கிற பயிர். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலே பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. ரொறன்ரோவில் யூனில் பதினைந்தரை. பகல் சுருங்கி அது பூக்கச் செப்ரெம்பர் ஆகிவிடும், ஒக்டோபர் உறைபனி காயோடு கொண்டுபோய்விடும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை ரகங்கள் உண்டு, விதை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கோ. ஊர் விதைதான் வேண்டுமென்றால் பெரிய சாடியில் வையுங்கோ. யூலையில் மூன்று கிழமைக்கு, பின்னேரம் ஆறு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை வெளிச்சம் புகாத பெட்டியால் மூடுங்கோ. ஒரு நாளும் தவறக்கூடாது. பக்கத்து வீட்டு வாசல் விளக்கு படுகிற இடமும் ஆகாது.