ஒளவையின் ஏழு ‘மன்’

பள்ளிப் பாடநூலில் செய்யுள் முடிந்ததும் கீழே ‘இலக்கணக் குறிப்பு’ என்று ஒரு பட்டியல் வரும். வினைத்தொகை, எண்ணும்மை, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் பாட்டில் என்ன வேலை செய்கிறது என்று வகுப்பில் பேசுவது அபூர்வம். இதில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு படித்தால் பாட்டு எவ்வளவு ஆழமாகப் போகிறது!

புறநானூறு 235-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதியமான் இறந்தபோது ஒளவையார் பாடியது.

‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே
பெரியகட் பெறினே
யாம்பாடத் தான்மகிழ்ந் துண்ணும் மன்னே’

கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தருவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்கிறாள். ஈயும், உண்ணும் இரண்டும் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு முற்று, அதாவது நடந்து முடிந்ததைச் சொல்லாத வினை. அவற்றை மட்டும் படித்தால் அதியமான் உயிரோடு இருக்கிறான், இன்றைக்கும் கள் தருகிறான். பக்கத்தில் நிற்கும் ‘மன்’தான் அவனைச் சாகடிக்கிறது. மன் என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள் சொல்கிறது. கழிவு என்றால் அது போய்விட்டது, இனி இல்லை. உரையாசிரியர்கள் கழிவுக்கு எடுத்துக்காட்டாகத் தருவதே இந்த அடியைத்தான். இதைப் போய் அசைநிலை, அதாவது பொருளில்லாமல் வரும் சொல் என்று தள்ளிவிட்டுப் பொருள் சொன்னால், ஒளவையின் அழுகையையே தள்ளிவிட்டதாக ஆகும். ஒருமுறை அல்ல, ஏழு முறை சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் வினை அவனை எழுப்பி உட்காரவைக்கிறது, மன் வந்து இல்லை என்கிறது.

நடுவில் ‘அம்பொடு வேல்நுழை வழியெல்லாம் தான்நிற்கும் மன்னே’ என்று ஓர் அடி. வேல்நுழை வழி என்பதில் ‘நுழை வழி’ வினைத்தொகை. நுழைந்த வழி, நுழைகிற வழி, நுழையும் வழி எல்லாம் அதில் அடங்கும். எந்தப் போரிலும் அங்கே நின்றவன் அவன்.

அப்புறம் எழுவாய் மாறுகிறது. அதுவரை அவன், இப்போது அவன் மார்பில் பாய்ந்த வேல். பாணரின் மண்டையை, அதாவது அவர்கள் உண்ணும் கலத்தைத் துளைத்து, இரப்போர் கையிலும் ஊடுருவி, புலவர் நாவில் போய் விழுகிறது அது. உரீஇ, போகி என்று வினையெச்சங்களாகவே அடுக்கி வருவதால் வாக்கியம் எங்கும் நிற்பதில்லை, வேலும் நிற்பதில்லை. ‘வேலே’ என்ற எழுவாய் கடைசியில்தான் வருகிறது. இந்தப் பகுதியில் ஒரு ‘மன்’கூடக் கிடையாது.

அதன் பிறகு ‘யாண்டுளன் கொல்லோ’ என்று கேட்கிறாள். கொல் என்பது ஐயம். இறந்துவிட்டான் என்று ஏழு முறை சொன்னவள், எங்கே இருக்கிறானோ என்று தேடுகிறாள்.

‘மன் என்பதன் இலக்கணக் குறிப்பு தருக’ என்று கேட்பதற்குப் பதில், ‘மன் நின்றுபோய் கொல் வரும் இடத்தில் ஒளவையின் மனம் எப்படி மாறுகிறது’ என்று வினாத்தாளில் கேட்கலாமே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளால் இதற்குப் பதில் எழுத முடியும். நாம்தான் கேட்பதில்லை.