எந்த வௌவால் என்று யாராவது கேட்டீர்களா?

நம் வளாக நூலகத்து வௌவால் விவகாரத்தில் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று நம் குழுவில் "ஒருவழியாகத் தொல்லை ஒழிந்தது" என்று கைதட்டல் பொம்மைகளைப் பார்த்த பிறகு முடியவில்லை.

புகார் என்ன? மைதானத்து மரத்தடியில் நிறுத்தும் வண்டிகள்மேல் எச்சமும் பழச் சக்கையும் விழுகின்றன. நியாயமான புகார். அது பழந்தின்னி வௌவால். நாய் மூஞ்சி, பெரிய கண், பட்டப்பகலில் கிளையில் தொங்கிக்கொண்டே சண்டை போடும். கண்ணாலும் மூக்காலும் பழம் தேடும். சரி, நடவடிக்கை என்ன? நூலகக் கூரை இடுக்கில் சிமெண்ட்! அங்கே இருந்தது துரிஞ்சில் என்கிற சின்ன வௌவால். கட்டைவிரல் அளவு உடம்பு, பூச்சிதான் சாப்பாடு. மரத்தில் தொங்கியவன் செய்ததற்குக் கூரையில் தூங்கியவனுக்குத் தண்டனை. படித்தவர்கள் நிறைந்த வளாகம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறோம்.

எந்த வௌவால் என்று முதலில் பாருங்கள். உலகத்தில் 1,400க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் ஒரே இனம் என்று நினைத்திருந்த பிபிஸ்ட்ரெல் என்கிற சின்ன வௌவாலை, ஒன்று 45 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும் இன்னொன்று 55 கிலோஹெர்ட்ஸிலும் கத்துவதைக் கவனித்து, 1990களில் இரண்டு இனமாகப் பிரித்தார்கள். அங்கே குரலைக் கேட்டுப் பிரிக்கிறார்கள். இங்கே பழம் தின்பதையும் பூச்சி தின்பதையும் பிரிக்க ஆளில்லை.

படிக்கும் காலத்தில் ஒரு சீனியர் அண்ணன் பேட் டிடெக்டர் என்று கையளவு பெட்டி ஒன்றைக் கொடுத்து, இதே இடுக்குக்குக் கீழே நிற்கவைத்தார். வௌவால் போடும், நம் காதுக்கு எட்டாத சத்தத்தைக் கேட்கிற மாதிரி மாற்றித் தரும். டிக்... டிக்... டிக்... பூச்சியை நெருங்க நெருங்க வேகம் கூடி, கடைசியில் ட்ர்ர்ர் என்று ஒரே இழுப்பு. அமைதியான சாயங்காலம் என்று நான் நினைத்திருந்ததெல்லாம் அன்றோடு போச்சு.

"நோய் வந்தால் நீயா பொறுப்பு?" என்பீர்கள். வெறுங்கையால் தொடக்கூடாது, ரேபீஸ் ஆபத்து உண்டு. தரையில் விழுந்து கிடந்தாலும் நானும் தொட மாட்டேன். ஆனால் வெளிவாசலை அடைத்தால், உள்ளே மாட்டியது வேறு சந்து தேடி வாசிப்பறைக்குள்தானே வரும்? விலகி இருந்ததை மேஜைக்கே வரவழைத்திருக்கிறீர்கள். நாற்றமா? விடுதிக் கழிப்பறையைப் பற்றி இவ்வளவு வேகமாக யாரும் சிமெண்ட் குழைத்து நான் பார்த்ததில்லை.

அடைத்தே தீர வேண்டுமென்றால் அதற்கும் முறை இருக்கிறது. குட்டி இல்லாத பருவம் பார்த்து, வெளியே போகலாம், திரும்ப நுழைய முடியாது என்கிற மாதிரி வலை கட்டி, எல்லாம் போன பிறகு அடைப்பார்கள். பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு குட்டிதான். பறக்கத் தெரியாத குட்டியை இடுக்கிலேயே விட்டுவிட்டுத்தான் தாய் இரை தேடப் போகும். நீங்கள் அடைத்தது ராத்திரியில். மேற்கொண்டு நான் எழுதவில்லை.

"வௌவால் மாமா ஆரம்பிச்சிட்டார்" என்று பின்னூட்டம் வரும். வரட்டும், பழகிவிட்டது. பத்து வருஷமாக அந்த இடுக்கிலிருந்து சாயங்காலம் எத்தனை வெளியே வருகின்றன என்று நோட்டில் குறித்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இன்று காலை இடுக்கைத் திறக்கச் சொல்லி மனு கொடுத்தேன். வாங்கியவர் படித்துவிட்டு, "மரத்தையும் வெட்டச் சொல்லி எழுதிடலாமா சார்?" என்றார்.