மேற்கோளின் வாலை வெட்டாதீர்கள்

ஒருவரின் பேட்டியிலிருந்து ஒரு வரியை எடுத்து, கடைசியில் மூன்று புள்ளி வைத்துப் பகிரும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். தமிழில் அது பேசியவரையே எதிர்த்தரப்பில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இல்லை, மாட்டேன், கூடாது எல்லாம் நமக்கு வாக்கியத்தின் வாலில்தான் வருகின்றன. "இந்தத் திட்டத்தை எதிர்க்கிறேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை" என்கிறார் ஒருவர். அதை "இந்தத் திட்டத்தை எதிர்க்கிறேன்..." என்று படத்தில் போட்டால் ஒரு சொல்கூட மாறவில்லை, புள்ளியும் முறையாக இருக்கிறது, பொருள் மட்டும் தலைகீழ். "என்று", "என்பது", "என்றால்" இவற்றுக்கு முன்னால் கத்தரி வைக்கவே கூடாது. இடம் போதவில்லையா? அடைமொழியை எடுங்கள், இடைச்செருகலாக வரும் விளக்கத்தை எடுங்கள். முற்றுவினையில் கை வைக்காதீர்கள். எடுத்த இடத்தில் புள்ளிகளைச் சதுர அடைப்புக்குள் [...] இடுங்கள். அவர் தயங்கினாரா, நீங்கள் வெட்டினீர்களா என்பது அப்போதுதான் படிப்பவருக்குத் தெரியும்.

புறநானூற்றின் 244ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள்.

"பாணர் சென்னியும் வண்டுசென்று ஊதா
விறலியர் முன்கையும் தொடியிற் பொலியா
இரவல் மாக்களும் ..."

கிடைத்தது அவ்வளவுதான். பாணர் தலையில் பூ இல்லை, விறலியர் கையில் வளை இல்லை. இரவலர் கதி என்னவாகியிருக்கும் என்று யாரும் ஊகித்துவிடலாம். ஆனாலும் பதிப்பில் சொல் புனைந்து நிரப்பவில்லை, புள்ளிதான் இருக்கிறது. 267, 268 இரண்டும் பாட்டே இல்லை. உ.வே.சா. 1894இல் பதிப்பித்த நூல் இது. இல்லாததை இல்லை என்று காட்டும் அந்த நேர்மைக்காகவே இந்தக் குறிமேல் எனக்கு மரியாதை.

கதை எழுதுகிறவர்களுக்கு: பேச்சு தானாகத் தேய்ந்தால் புள்ளி, அடுத்தவர் குறுக்கிட்டு நிறுத்தினால் கோடு. திக்கலை முழு எழுத்தாக எழுதுங்கள்: "கொ... கொடுத்துட்டேன்". உயிர்மெய்யைப் பிளந்து துணைக்காலைத் தனியே விட்டால் திரையில் புள்ளி வட்டம் வந்து நிற்கும். "படிக்கவோ வந்தாய்?" போன்ற வாக்கியத்துக்குப் புள்ளியே வேண்டாம். விளையாடத்தான் வந்தாய் என்ற மிச்சத்தை அந்த ஓகாரமே சொல்லிவிடுகிறது. ஒழியிசை என்று இலக்கணம் பெயர் வைத்திருப்பது இதற்குத்தான்.

எண்ணிக்கை மூன்று போதும். ஏழு வைத்தால் சோகம் ஏழு மடங்காகாது. முன்சொல்லோடு ஒட்டி, பின்னால் ஓர் இடைவெளி விடுங்கள். "பார்த்துக்கொண்டிருந்தான்...சொல்லவில்லை" என்று ஒட்டி அடித்தால் முழுவதும் ஒரே சொல்லாகி, கைபேசித் திரையில் வரி கோணலாக மடங்கும். மூன்றும் சேர்ந்த ஒற்றைக் குறியே ஒருங்குறியில் உண்டு: விண்டோஸில் ஆல்ட்டை அழுத்தியபடி எண்பலகையில் 0133, மேக்கில் ஆப்ஷனுடன் அரைப்புள்ளி. தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறிகள்தான் கொள்ளும் என்பதால், அங்கே இந்த ஒற்றைக் குறி இரண்டு இடத்தை மிச்சப்படுத்தும்.